ஐந்து விதிகளும் ஒரு சாவிக்கொத்தும்

ஆகஸ்ட் 9, 2025, சனி. சீர்காழி

நூலகர் தினம் ஆகஸ்ட் 12. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்த நாள். ஆனால் 1892-இல் அவர் பிறந்தது 9-ஆம் தேதி, ஆவணத்தில் ஏறியதுதான் 12 என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. பதிவேடு சொல்வதே நூலகருக்கு வேதம் என்பதால் எல்லாரும் 12-ஐப் பிடித்துக்கொண்டோம். அந்த 12-ஆம் தேதி தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கருத்தரங்கு; கட்டுரை வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தேன். மூன்று நாள் முன்னாலேயே கிளம்பி, 9-ஆம் தேதி அவர் பிறந்த ஊரிலேயே நின்றால் என்ன என்று தோன்றியது.

"ஏங்க, நம்ம கல்யாண நாளுக்குக்கூட நீங்க லீவு போட்டதில்லையே" என்றாள் மனைவி. ரங்கநாதன் தன் இரண்டாவது கல்யாணத்தன்றே மதியம் நூலகத்துக்கு வேலைக்குப் போய்விட்டவர் என்று சொன்னேன். அதற்கு அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கோவையில் காலையில் ஜனசதாப்தி. கரூர் தாண்டும்போது தொடையில் ஏதோ குத்தியது. பையில் கைவிட்டால் கல்லூரி நூலகத்துச் சாவிக்கொத்து! அவசரத்தில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். வாசல் சாவிக்கு நகல் உதவியாளரிடம் இருக்கிறது. பீரோக்களின் சாவிக்கு நகல் இல்லை. அதை யார் கேட்கப் போகிறார்கள் என்று மறுபடி பையிலேயே போட்டேன்.

மயிலாடுதுறையில் இறங்கி சீர்காழி பஸ். வழியில் வைத்தீஸ்வரன்கோயில். இரண்டு பக்கமும் நாடி ஜோதிடப் பலகைகள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, தொழில்முறையில் எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. கட்டைவிரல் ரேகையை வகை பிரித்து, அந்த வகைக்குரிய கட்டைத் தேடி, ஓலையை எடுத்துக் கையில் தருகிறார்கள். எங்கள் கல்லூரியில் பெயரும் ஆசிரியரும் சரியாகச் சொன்னாலே புத்தகம் கிடைக்க அரை மணி ஆகிறது.

சீர்காழியில் நேராக நூலகத்துக்குப் போனேன். பூட்டு. பொது நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது எனக்குத் தெரியும். வெள்ளியைத் தவிர்த்துவிட்டேன் என்று பெருமையாகத்தான் வந்தேன். இரண்டாம் சனியை மறந்துவிட்டேன். எங்கள் கல்லூரியில் இரண்டாம் சனி வேலை நாள். இருபது வருஷமாக அப்படியே பழகிவிட்டது. இந்த நாளை மறந்த நூலகர் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர் படித்த சபாநாயக முதலியார் இந்து மேல்நிலைப் பள்ளி வாசலிலும் ஆள் இல்லை. எதிரில் டீ குடித்தேன், 15 ரூபாய். வெயில் மண்டையைப் பிளந்தது. கோவையிலிருந்து பள்ளிக்கூடத்து வாசலைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் டீக்கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கதையைச் சொன்னேன். இந்த ஊர்ப் பையன் கணக்கு படித்துச் சென்னையில் மாநிலக் கல்லூரி ஆசிரியர் ஆனார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போட்டார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மனித வாசனையே இல்லாத இந்த வேலை வேண்டாம், வகுப்புக்கே போகிறேன் என்று வந்து நின்றார். லண்டன் போய் நூலகப் படிப்பு படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே துண்டுகளைக் கழற்றி மாட்டி வேறு வேறு உருவம் செய்கிறார்கள். அறிவையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்று அவருக்குப் பட்டது. அதுதான் பிறகு, நூல்களைப் பொருள்வாரியாக வகை பிரிக்கிற கோலன் பகுப்பு முறை ஆனது.

டீக்கடைக்காரர் எல்லாம் கேட்டுவிட்டு, "வேலை பிடிக்காம ஓடப் பார்த்தவருக்கா சார் விழா எடுக்கறீங்க?" என்றார்.

பதில் இல்லை. இன்னொரு டீ சொன்னேன்.

ராத்திரி ஒரு மெஸ்ஸில் மீன் குழம்புச் சாப்பாடு, 130 ரூபாய். கடல் பக்கம் என்பதால் மீன் நேற்று வந்ததாக இல்லை. "ஆடி மாசம், கூட்டம் கம்மி, நல்லாச் சாப்பிடுங்க" என்று கேட்காமலே இன்னொரு துண்டு வைத்தார் பரிமாறிய அம்மா. அதற்குக் காசு வாங்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. கும்பகோணம், நீடாமங்கலம் கேட், மேலவாசல்

காலையில் கும்பகோணத்தில் இட்லி, கடப்பா. கோவைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பும் சேர்ந்த ஒரு தினுசுக் குழம்பு, தேங்காய் அரைத்து விட்டது. சாம்பார் ஊற்ற வந்தவரைக் கையால் தடுத்தேன். மூன்று இட்லி 45 ரூபாய். பித்தளை டவராவில் காபி 30. டிகிரி காபி என்று பலகை போட்ட கடைகள் நெடுஞ்சாலை முழுக்க இருக்கின்றன. டிகிரி வாங்கியது இங்கே ஒன்றிரண்டுதான்.

மன்னார்குடி பஸ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றது. இந்தக் கேட்டைப் பற்றி டெல்டாக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள், நான் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருந்தேன். நாற்பது நிமிஷம். யாரும் பதறவில்லை. பாதிப் பஸ் இறங்கி நிழலுக்குப் போய்விட்டது. வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மா ஒவ்வொரு ஜன்னலாக வந்தார்: உப்பு, மிளகாய்த்தூள் போட்டு பத்து ரூபாய். என் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் போனில் ஏதோ பிடிஎஃப் படித்துக்கொண்டிருந்தான். உங்கள் கல்லூரி நூலகம் எப்படி என்று கேட்டேன். "ஏசி இருக்கு சார்" என்றான்.

மன்னார்குடியில் அறை போட்டுவிட்டு மேலவாசலுக்கு ஷேர் ஆட்டோ. இந்தப் பயணத்தில் நான் உண்மையிலேயே பார்க்க நினைத்த இடம் இது. 1931 அக்டோபர் 21-ஆம் தேதி இங்கேதான் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிக் கிராமம் கிராமமாக அனுப்ப ஆரம்பித்தார். ரங்கநாதன் வந்து தொடங்கி வைத்தார். 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' புத்தகம் வந்ததும் அதே 1931-தான். "நூல்கள் பயன்படுவதற்கே" என்று முதல் விதி எழுதிய கையோடு, அது வண்டி கட்டிப் போவதையும் மனுஷன் பார்த்திருக்கிறார்.

ஆடி ஞாயிறு. மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் எல்.ஆர்.ஈஸ்வரி. நான் வெளியூர் என்று தெரிந்ததும் ஒரு பையன் சொம்பு நிறையக் கூழ், வெங்காயம், கருவாடு எல்லாம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றான். மாட்டு வண்டி நூலகம் பற்றி நாலு பேரிடம் கேட்டேன். இரண்டு பேருக்குப் பேப்பரில் படித்த ஞாபகம். அப்புறம் ஒரு பெரியவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். எண்பதுக்கு மேல் இருக்கும், சாய்வு நாற்காலி, விசிறி.

"அது எங்க அப்பா காலம் தம்பி. நான் பார்க்கலை" என்றார். பிறகு ஒரு நிமிஷம் யோசித்து, "மேலே என்ன போட்டிருந்தாங்க?" என்று கேட்டார்.

புரியவில்லை.

"அக்டோபர்னா ஐப்பசி. அடைமழை. ரோடே கிடையாது, களிமண். சக்கரம் பாதி உள்ள போயிரும். நெல்லு நனைஞ்சாலே ஒரு வெயில்ல காயப்போட்டு எடுத்துரலாம், காகிதம் நனைஞ்சா என்ன பண்ணுவே? வெறும் கூண்டு போதாது, கீத்து போட்டு, மேல பாய் கட்டி, பின்னால படுதா தொங்க விட்டிருக்கணும். அப்புறம் புஸ்தகம் கனம். உளுந்து மூட்டை மாதிரி. முன்பாரம் ஏறிரும், மாட்டுக்குக் கழுத்துப் புண்ணாயிரும். பின்னால தள்ளி அடுக்கணும்."

வண்டியை நான் இதுவரை ஒரு புகைப்படமாகத்தான் நினைத்திருக்கிறேன். எத்தனையோ கட்டுரைகளில் 'நடமாடும் நூலகத்தின் முன்னோடி' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். அதற்குக் கழுத்துப் புண் வரும் என்று தோன்றியதே இல்லை.

கிளம்பும்போது பெரியவர், "நீங்க நூலகத்து ஆளுன்னா ஒண்ணு சொல்லணும். வீட்டு வரி 400 ரூபான்னா நூலக வரின்னு தனியா 40 ரூபா வாங்கறாங்க. புதுப் புஸ்தகம் எங்கே?" என்றார். கணக்கு சரி. ரூபாய்க்குப் பத்துப் பைசா. 1948-இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியில் வருகிற பணம் அது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் அதற்கு முன் எந்த மாகாணத்திலும் போட்டதில்லை. அதற்குப் பின்னால் இருந்து உந்தியவரும் ரங்கநாதன்தான். இதையெல்லாம் விளக்கினேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி, "அது சரி தம்பி, புஸ்தகம் எங்கே?" என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள். மன்னார்குடி

'மன்னார்குடி மதிலழகு' என்பார்கள். எனக்குப் பிடித்தது குளம். ஹரித்ரா நதி, 23 ஏக்கர். குளத்துக்கு நதி என்று பெயர் வைத்த ஊர், அளவைப் பார்த்தால் தப்பே இல்லை. காலை ஆறு மணிக்கு நாலு கரையும் நடந்தேன். செருப்பு வார் அறுந்தது. தைத்துக் கொடுத்தவர் 20 ரூபாய் கேட்டார், 50-க்குச் சில்லறை இல்லை என்றதும் "போய்ட்டு வரும்போது குடுங்க" என்றார். ஊர் பேர்கூடக் கேட்கவில்லை. (திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டேன்.)

பிறகு சற்றுத் தள்ளி ஒரு கிராமத்தில் ஊர்ப்புற நூலகம். பெயர் வேண்டாம். ஒரே அறை, வாசலில் புரவலர் பலகை: ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்களின் பெயர்கள், பாதி பெயின்ட் உதிர்ந்து. உள்ளே தரையில் உட்கார்ந்து ஐந்து பெண்கள் குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் தேர்வு. நூலகர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். நான் உள்ளே போனபோது பழைய புத்தகம் ஒன்றை விரித்து, இராமபாணப் பூச்சி அரித்த பக்கங்களைத் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தார். அலமாரி மூலைகளில் வசம்புத் துண்டு.

கவனித்தேன், நாலு பீரோவிலும் பூட்டு இல்லை. கதவுகள் திறந்தே கிடந்தன.

"கஜா புயல்ல ஓடு பறந்து எல்லாம் நனைஞ்சிருச்சு சார். களத்துல நெல்லு காயப் போடற மாதிரி புத்தகத்தைக் காயப் போட்டோம். பூட்டு துருப்பிடிச்சுத் திறக்கலை, ஒடைச்சுத்தான் எடுத்தோம். அப்புறம் வாங்கவே இல்லை."

"தொலையலையா?"

"தொலையும். வருஷத்துக்கு அஞ்சாறு. அதுல ரெண்டு மூணு பரீட்சை முடிஞ்சதும் வாசல்ல வந்து கிடக்கும்."

எங்கள் தொழிலில் பூட்டுக்கு ஒரு காரணம் உண்டு, வெளியாட்களுக்கு அது தெரியாது. புத்தகம் தொலைந்தால் நூலகர் பதில் சொல்ல வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுவார். எத்தனை பேர் சம்பளத்தில் பிடித்தம் ஆகியிருக்கிறது! ஆனால் மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ஐ எடுத்துப் பாருங்கள்: வருஷத்தில் எடுத்துப் படிக்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் தொலைவது இயல்பு என்று அதிலேயே இருக்கிறது, ஏமாற்றோ அலட்சியமோ காரணமாக இல்லாவிட்டால். கணக்கை யோசியுங்கள். அதிகம் பேர் எடுத்தால் அதிகம் தொலைக்க அனுமதி. ஒருவருமே எடுக்காவிட்டால் ஒன்றுகூடத் தொலையக்கூடாது. நாங்கள் இரண்டாவது வழியைத்தான் பெரும்பாலும் பிடித்துக்கொண்டோம்.

அந்தம்மாவிடம் இந்த விதியைச் சொன்னேன். அவருடையது மாநிலத் துறை, இது அவருக்குப் பொருந்தாது. ஆனாலும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். சம்பளம் பற்றிப் பேச்செடுத்தேன், சிரித்துவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார்.

கையில் கிடைத்த ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். திருப்பித் தர வேண்டிய தேதியைக் குத்துகிற தேதிச் சீட்டு நிரம்பி, அதன் மேல் இன்னொரு சீட்டு ஒட்டி, அதுவும் பாதி நிரம்பியிருந்தது. ஊதா மை, கறுப்பு மை, ஒரு இடத்தில் பேனாவாலேயே எழுதிய தேதி.

சாயங்காலம் தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தோள்பை நனைந்து, அச்சடித்து வைத்திருந்த கட்டுரை கூழாகிவிட்டது. பெரியவர் சொன்ன படுதா ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய். தஞ்சாவூர்

கருத்தரங்கு. குத்துவிளக்கு, ரங்கநாதன் படத்துக்கு மாலை, சந்தனப் பொட்டு. சணல் பை, பேனா, குறிப்பேடு. பதினோரு கட்டுரைகளில் எட்டு செயற்கை நுண்ணறிவும் நூலகமும். என்னுடையதும் அதுதான், போனைப் பார்த்து வாசித்தேன். எனக்கு முன்னால் வாசித்தவருடையதில் என் இரண்டாவது பத்தி அப்படியே இருந்தது. இருவரும் யாரிடம் வாங்கினோம் என்று எங்களுக்குத் தெரியும், பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

உருப்படியான அமர்வு ஒன்று: ஒரே நாடு ஒரே சந்தா, அதாவது ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிற திட்டம். 2025 முதல் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள். அரசுக் கல்லூரி ஆட்கள் முகம் மலர்ந்திருந்தது. எங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரிகள் பட்டியலில் இல்லை. "அதுக்குத்தான் டெலிகிராம் இருக்கே" என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுக்க, முன் வரிசை கேட்காத மாதிரி இருந்தது.

மதியச் சாப்பாடு பிரமாதம். வாழைப்பூ வடை, அசோகா அல்வா. அல்வாவை இரண்டாவது தடவை கேட்டபோது போன் வந்தது. உதவியாளர்.

"சார், செகண்ட் இயர் பொண்ணு ஒண்ணு வந்திருக்கு. சிவில். பாலம் டிசைன் புக்கு கேக்குது. நம்ம மூணாவது பீரோல இருக்கு. சாவி?"

மூன்றாவது பீரோ. கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் (NAAC) குழு போன தடவை வருவதற்கு முன்னால் வாங்கி அடுக்கிய விலை உயர்ந்த நூல்கள். குழு வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு நான் திறந்ததில்லை.

"வியாழக்கிழமை வரச் சொல்லுப்பா."

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் எதிரே மேடையில் பேனர். "வாசகரின் நேரத்தைச் சேமி." நான்காவது விதி. எழுத்து நல்ல பெரிதாகவே போட்டிருந்தார்கள்.

நிறைவு விழாவுக்கு நிற்காமல் சரசுவதி மகாலுக்கு நழுவினேன். சான்றிதழை ஒரு நண்பரிடம் வாங்கி வைக்கச் சொன்னேன். (வந்ததில் இனிஷியல் மாறியிருந்தது.) நாயக்கர் காலத்து அரண்மனைச் சுவடிக்கூடம், மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் பெருகி, 1918-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. காட்சிக்கூடத்தில் எல்லாரும் சீனத் தண்டனைப் படங்கள் முன்னால்தான் கூடுகிறார்கள். நான் கண்ணாடிக்குள் இருந்த ஓலை முன்னால் நின்றேன். ஓலைச்சுவடிக்குப் புல்தைலம் தடவுவார்கள். காய்ந்து உடையாமல் வளைந்து கொடுக்க வேண்டும் அல்லவா. ஆக, அவ்வப்போது யாராவது கட்டை அவிழ்த்து, ஏடு ஏடாகக் கையில் எடுத்தே ஆக வேண்டும். அடுக்கி வைத்துவிட்டு மறந்தால் அது போய்விடும்.

வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தேன், 30 ரூபாய். கடைக்காரர் இஞ்சியைத் தாராளமாகப் போட்டார். பைக்குள் சில்லறை தேடியபோது சாவிக்கொத்துதான் முதலில் கைக்கு வந்தது.

ஆகஸ்ட் 13, புதன். பஸ்

திருச்சி, கரூர், கோவை. எழுத ஒன்றும் இல்லை. கரூரில் புரோட்டா சுமார். காந்திபுரத்தில் இறங்கும்போது ஓட்டுநரிடம் பெரியார் நூலகக் கட்டடம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று கேட்டேன். "டிராஃபிக் உயர்ந்திருக்குங்க" என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன். கல்லூரி

பயணம் நேற்றே முடிந்துவிட்டது. ஆனாலும் இதைச் சேர்க்க வேண்டும்.

அந்தப் பெண் பத்தரைக்கு வந்தாள். மூன்றாவது பீரோவைத் திறந்து வைத்திருந்தேன்.

"வேண்டாம் சார், பிடிஎஃப் கிடைச்சிருச்சு" என்றாள். போகத் திரும்பியவள் நின்று, மேல் தட்டைக் காட்டி, "அது என்ன சார்? எடுத்துப் பார்க்கலாமா?" என்றாள்.

மண் இயக்கவியல், தடித்த அட்டை. அது ரெஃபரன்ஸ்ம்மா, இங்கேயே உட்கார்ந்து பாரு என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தேதிச் சீட்டு வெள்ளையாக இருந்தது. முத்திரை பேட் காய்ந்து கிடந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் குத்தினேன். 28 விழுந்தது. மாதம் விழவில்லை, பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.